பருவகாலச் சுற்றுலாப் பகுதியில் போக்குவரத்து: கோவா தரும் பாடம்

போக்குவரத்துச் சேவை சேமித்து வைக்க இயலாத பண்டமாகும். ஜூலை மாதத்தில் காலியாகச் சென்ற பேருந்து இருக்கையை டிசம்பர் மாதத்தில் விற்க முடியாது. தேவை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும் நகரங்களில் இவ்வியல்பு பெரிய இடர்ப்பாடாகத் தோன்றுவதில்லை. ஆனால், சில மாதங்களில் மக்கள் வெள்ளமும் பிற மாதங்களில் வெறுமையுமாக அமையும் கடற்கரைச் சுற்றுலாப் பகுதிகளில் இதுவே திட்டமிடுவோரின் முதற் சிக்கலாகிறது. உச்சத் தேவையை அளவுகோலாகக் கொண்டு வசதிகளைப் பெருக்கினால் முதலீடு பல மாதங்கள் முடங்கிக் கிடக்கும். குறைந்த தேவையை அளவுகோலாகக் கொண்டால் பருவத்தில் நெரிசல் மிகும். இவ்விரண்டுக்கும் இடையே வழி காண்பது எவ்வாறு என்பதைக் கோவா மாநிலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

தேவையின் தன்மை

கோவாவின் பரப்பு 3,702 சதுர கிலோமீட்டர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 14.6 லட்சம். 2019-ஆம் ஆண்டில் இச்சிறு மாநிலத்துக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 80 லட்சத்துக்கும் அதிகம். 2024-ஆம் ஆண்டில் இத்தொகை ஒரு கோடியைக் கடந்தது. அக்டோபரில் தொடங்கும் சுற்றுலாப் பருவம் டிசம்பர் இறுதி வாரத்தில் உச்சத்தை எட்டி, கோடை விடுமுறையோடு முடிகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அப்போது கடல் கொந்தளிக்கும். கடற்கரையிலுள்ள தற்காலிக உணவுக் குடில்கள் பிரிக்கப்படும். ஜூன், ஜூலை மாதங்களில் விசைப்படகு மீன்பிடிப்புக்கும் தடையுண்டு. அண்மைக் காலத்தில் மழையைக் காணவே வரும் உள்நாட்டுப் பயணிகள் பெருகியுள்ளனர். எனினும், பருவத்துக்கும் பருவமற்ற காலத்துக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடவில்லை.

இங்கு இருவகைத் தேவைகள் உள்ளன என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பயணியின் தேவை பருவத்தோடு ஏறி இறங்குவது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் வேலைக்கும் செல்லும் உள்ளூர் மக்களின் தேவையோ ஆண்டு முழுவதும் நிலைத்திருப்பது. முன்னதை உச்சத் தேவை என்றும் பின்னதை அடித்தேவை என்றும் குறிப்பிடலாம். உச்சத் தேவை கண்ணுக்குப் புலப்படுவதால் அதைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. அடித்தேவை எளிதில் மறக்கப்படுகிறது.

நெடுந்தொலைவு வழிகள்

முற்காலத்தில் பம்பாயிலிருந்து பனாஜிக்குக் கொங்கணக் கடலோரமாக நீராவிக் கப்பல்கள் வந்தன. மழைக்காலத்தில் அச்சேவை நிறுத்தப்படுவது வழக்கம். மர்மகோவா துறைமுகத்தை மலைப்பகுதியோடு இணைத்த மீட்டர் பாதை ரயில் 19-ஆம் நூற்றாண்டிலேயே அமைந்தது. ஆனால், கடலோரம் நெடுகிலும் ரயில் வசதி கிட்டியது 1998-ஆம் ஆண்டில்தான். ரோஹாவிலிருந்து மங்களூரை அடுத்த தோக்கூர் வரை 741 கிலோமீட்டர் நீளமுள்ள கொங்கண் ரயில்பாதை அவ்வாண்டு முழுமை பெற்றது. மண்சரிவு அபாயம் காரணமாக, மழைக்காலத்துக்கென இப்பாதையில் தனிக் கால அட்டவணை ஆண்டுதோறும் பின்பற்றப்படுகிறது. வேகம் குறைகிறது, ஆனால் சேவை நிற்பதில்லை. கப்பலுக்கும் ரயிலுக்கும் உள்ள இவ்வேறுபாடு முக்கியமானது.

வான்வழியில் தாபோலிம் நிலையம் நெடுங்காலம் தனித்து இயங்கியது. அது கடற்படையின் விமானதளமாகவும் இருப்பதால் பயணிகள் விமானங்களுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. வடக்கே மோபாவில் அமைந்த இரண்டாவது நிலையம் 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் பயணிகள் சேவையைத் தொடங்கியது. விமானம் ஒரு பருவத்தில் இங்கும் மறு பருவத்தில் வேறிடத்திலும் பயன்படக்கூடியது. ஆகவே விமான நிறுவனத்துக்குப் பருவ வேறுபாடு தாங்கக்கூடிய சுமையே. விமான நிலையத்தில் இறங்கிய பின்னர்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

உள்ளூர்ப் போக்குவரத்து

மாண்டவி, ஜுவாரி ஆகிய ஆறுகள் கோவாவைக் குறுக்கே பிரிக்கின்றன. அரசின் நதிப் போக்குவரத்துத் துறை நடத்தும் படகுகள் இன்றும் பல துறைகளில் இயங்குகின்றன. நடந்து வருவோரிடம் கட்டணம் பெறுவதில்லை. திவார் தீவுக்குச் செல்லப் படகே வழி. 1986-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் மாண்டவிப் பாலம் இடிந்து விழுந்தது. 1992-ஆம் ஆண்டில் புதிய பாலம் திறக்கப்படும் வரை ஆற்றைக் கடந்த மக்களின் சுமையைத் தாங்கியவை பெரும்பாலும் படகுகளே. வருவாய் தராத சேவை என்று அவற்றை முன்னரே கைவிட்டிருந்தால் நிலைமை என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். 2025-ஆம் ஆண்டு ஜூலையில் ரிபந்தருக்கும் சோராவ் தீவுக்கும் இடையே வாகனங்கள் ஒருபுறம் ஏறி மறுபுறம் இறங்கும் வகையிலான புதிய படகுகள் விடப்பட்டன.

1980-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கதம்பா போக்குவரத்துக் கழகமும் தனியார் பேருந்துகளும் சாலைச் சேவையைப் பகிர்ந்து நடத்துகின்றன. இவற்றுக்கு அப்பால் டாக்சிகள், வாடகைக்கு விடப்படும் இருசக்கர வாகனங்கள், ‘பைலட்’ என்று மக்கள் அழைக்கும் மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டுநர்கள் ஆகியோர் உள்ளனர். உரிமம் பெற்ற பைலட் சேவை கோவாவின் தனிச்சிறப்பு. குறுகிய கிராமச் சாலைகளில் தனியொருவர் செல்ல இதைவிடச் சிக்கனமான வழி அரிது. வாகனங்களை வாடகைக்கு விடுவதை 1989-ஆம் ஆண்டின் கார் வாடகைத் திட்டமும் 1997-ஆம் ஆண்டின் மோட்டார் சைக்கிள் வாடகைத் திட்டமும் முறைப்படுத்துகின்றன. இவ்வகை வாகனங்கள் பருவத்தோடு பெருகிச் சுருங்குபவை. உச்சத் தேவைக்கு ஏற்றவை. ஆனால் ஒரு பேருந்து சுமக்கும் மக்களைச் சுமக்க இவை எத்தனை தேவைப்படும் என்று கணக்கிட்டால், கலங்கூட், பாகா சாலைகளின் டிசம்பர் மாத நெரிசலுக்குக் காரணம் விளங்கும்.

ஒரு கணக்கு

பேருந்துச் சேவையின் பொருளாதாரத்தை விளக்க ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். ஒரு பேருந்தின் நிலைச் செலவு, அதாவது ஊதியம், வரி, காப்பீடு, கடன் வட்டி முதலியன, நாளொன்றுக்கு 4,000 ரூபாய் எனக் கொள்வோம். ஒரு நடைக்கான எரிபொருள் முதலிய மாறும் செலவு 500 ரூபாய். கட்டணம் 30 ரூபாய். நாளொன்றுக்கு 10 நடைகள்.

பருவத்தில் நடைக்கு 40 பேர் வந்தால் வருவாய் 12,000 ரூபாய். செலவு 9,000 ரூபாய் போக நாள்தோறும் 3,000 ரூபாய் மிஞ்சும். மழைக்காலத்தில் பகல் நேர 7 நடைகளில் 25 பேரும் இரவு நேர 3 நடைகளில் 10 பேரும் மட்டுமே வருவதாகக் கொண்டால் வருவாய் 6,150 ரூபாய். நாள்தோறும் 2,850 ரூபாய் நட்டம். இரவு நடை ஒவ்வொன்றும் 300 ரூபாய் ஈட்டி 500 ரூபாய் செலவழிக்கிறது. எனவே உரிமையாளர் அம்மூன்று நடைகளையும் நிறுத்திவிட்டு நாளொன்றுக்கு 600 ரூபாய் மிச்சப்படுத்துவார். அவரது நோக்கில் இது நியாயமான முடிவே.

இப்போது ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். பருவத்தின் 240 நாட்களில் உபரி 7,20,000 ரூபாய். எல்லா நடைகளையும் ஓட்டினால் மழைக்காலத்தின் 120 நாட்களில் நட்டம் 3,42,000 ரூபாய். ஆண்டு முழுவதையும் சேர்த்துக் கண்டால் சேவை உபரியிலேயே இருக்கிறது. இரவு நடைகளை மழைக்காலம் முழுவதும் காப்பாற்ற ஆகும் செலவு 72,000 ரூபாய் மட்டுமே.

இந்த 72,000 ரூபாய் மிச்சப்படுவதால் சமூகம் இழப்பது என்ன? இரவுப் பணி முடிந்து திரும்பும் செவிலியரும் கடைப் பணியாளரும் மழையில் வழியின்றி நிற்பர். கடைசிப் பேருந்தை நம்ப முடியாதவர் கடன் வாங்கியேனும் இருசக்கர வாகனம் வாங்குவார். வாங்கியவர் மழை நின்றதும் பேருந்துக்குத் திரும்புவதில்லை. மழைக்காலத்தில் இழந்த பயணியைப் பருவத்திலும் இழக்கிறோம். பேருந்தின் உபரி குறைகிறது. சாலையில் மேலும் ஒரு வாகனம் சேர்கிறது. கோவாவில் பதிவான வாகனங்களின் எண்ணிக்கை மக்கள்தொகைக்கு ஏறத்தாழ இணையாக உயர்ந்திருப்பதற்கு இத்தொடர் விளைவும் ஒரு காரணம் எனலாம்.

கொள்கை வழிகள்

இதனின்று சில முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, பேருந்துத் தடங்களின் அனுமதி ஆண்டு முழுமைக்குமான கால அட்டவணையோடு பிணைக்கப்பட வேண்டும். பருவ உபரியைப் பெறுவோர் மழைக்கால நடைகளையும் ஓட்டக் கடமைப்பட்டோராவர்.

இரண்டாவதாக, பயணச்சீட்டு வருவாய்க்குப் பதிலாக ஓடும் தூரத்துக்குப் பணம் தரும் முறை பயனுடையது. 2023-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘மாஜி பஸ்’ திட்டத்தில் தனியார் பேருந்துகள் கதம்பா கழகத்தின் கீழ் ஓடி, கிலோமீட்டர் அடிப்படையில் ஊதியம் பெறுகின்றன. காலியான நடையின் நட்டம் உரிமையாளரின் தலையில் விழாததால் அதை நிறுத்தும் தூண்டுதல் மறைகிறது. ஆனால் நடைகள் உண்மையில் ஓடினவா என்ற மேற்பார்வை இதற்கு இன்றியமையாதது.

மூன்றாவதாக, உச்சத் தேவைக்கான செலவை அதை உண்டாக்குவோரே ஏற்க வேண்டும். கடற்கரையோர வாகன நிறுத்தக் கட்டணத்தைப் பருவத்தில் உயர்த்தி, அத்தொகையை மழைக்கால நடைகளுக்கு ஒதுக்கலாம்.

நான்காவதாக, டாக்சிகளையும் பைலட்டுகளையும் பேருந்தின் போட்டியாளராகக் கருதாமல், ரயில் நிலையம், பேருந்து நிலையம், படகுத்துறை ஆகியவற்றிலிருந்து இறுதித் தொலைவை நிறைவு செய்யும் துணையாக ஒழுங்குபடுத்த வேண்டும். கட்டணம் முன்கூட்டியே தெரியும் ஏற்பாடு பயணிக்கு மட்டுமன்றி ஓட்டுநருக்கும் நன்மை தரும். 2018-ஆம் ஆண்டில் செயலி வழி டாக்சிச் சேவை தொடங்கியபோது எழுந்த நீண்ட எதிர்ப்பு, ஆண்டு வருவாயைச் சில மாதங்களில் ஈட்ட வேண்டிய ஓட்டுநர்களின் அச்சத்தைக் காட்டுகிறது. அவ்வச்சத்தைப் புறக்கணித்து எந்தச் சீர்திருத்தமும் நிலைபெறாது.

பருவகாலச் சுற்றுலாவை வளர்க்க முற்படும் பிற கடலோர மாவட்டங்களின் அலுவலர்கள், பயணிகள் வருகை பற்றிய மதிப்பீட்டோடு ஜூலை மாதத்து இரவு எட்டு மணிப் பேருந்தில் எத்தனை பேர் ஏறுகின்றனர் என்ற கணக்கையும் திரட்டுவது நலம். போக்குவரத்துத் திட்டத்தின் அடித்தளத்தை அக்கணக்கின் மீது அமைத்து, டிசம்பர் மாதத்துக்கு வேண்டிய கூடுதல் வசதிகளை அதன்மேல் சேர்ப்பதே முறையாகும்.