மலைக்குப் போக வாடகைக் கார்: ஒரு கணக்குப் பாடம்

விடுமுறை வந்தால் ஊரிலிருந்து உறவினர் நம் தீவுக்கு வருவதும், "மலையும் காடும் பார்க்க வேண்டும், ஒரு கார் பிடியுங்கள்" என்று கேட்பதும் நம் ஒவ்வொரு வீட்டிலும் நடப்பதே. கார் பிடிப்பது எளிது. கட்டுப்படியாகும் வாடகையில், பாதுகாப்பாகப் பிடிப்பதற்குச் சிறிது கணக்கு தெரிய வேண்டும். அந்தக் கணக்கைப் பாடமாகவே பார்ப்போம்.

வாடகையில் என்ன அடங்கும்?

ரயில்வேயில் ஒரு வாகனுக்கு ஆகும் செலவைப் பார்க்கும்போது, அது சுமையோடு ஓடிய தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை. காலியாகத் திரும்பிய ஓட்டத்தையும், நின்று காத்திருந்த நேரத்தையும் சேர்த்தே பார்ப்போம். வாடகைக் காருக்கும் இதுவே விதி. ஓடும் தூரம், காலி ஓட்டம், காத்திருப்பு, ஓட்டுநர் பேட்டா ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் வாடகை. தூரத்தை நம்மால் குறைக்க முடியாது என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் நம் தீவில் குறைக்க வழி உண்டு.

முதல் கணக்கு: மவுண்ட் ஹாரியட்

2021இல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றப்பட்ட மலை இது. 1891ஆம் ஆண்டுப் போருக்குப் பின் மணிப்பூர் அரசர் குலசந்திராவும் அவரைச் சேர்ந்தவர்களும் நாடு கடத்தப்பட்டு வந்த இடம் என்பதால் அந்தப் பெயர். மலையடியில் உள்ள ஹோப் டவுனில்தான் 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபு ஷேர் அலியால் கொல்லப்பட்டார். பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்புறத்தில் உள்ள தென்னை மரக் காட்சியும் இந்த மலையைச் சேர்ந்ததே.

போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சாலை வழியே சுற்றிப் போனால் சுமார் 55 கிலோமீட்டர். போக வர 110. கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று எளிமைக்காக வைத்துக்கொண்டால் 2,200 ரூபாய். சாத்தம் துறையில் படகேறி பேம்பூ ஃபிளாட்டில் இறங்கினால் உச்சிக்குச் சுமார் 8 கிலோமீட்டர்தான். அங்கே உள்ளூர் வண்டிக்குக் குறைந்தபட்ச வாடகையாக 800 ரூபாய் கேட்டாலும், படகுக் கட்டணம் போகப் பெரும்பகுதி மிச்சம். காரைப் படகில் ஏற்ற வேண்டாம். ஆட்கள் மட்டும் ஏறினால் போதும்.

இரண்டாம் கணக்கு: சேடில் பீக்

டிக்லிப்பூருக்கு அருகே 732 மீட்டர் உயரமுள்ள இதுவே அந்தமான் தீவுகளின் மிக உயர்ந்த சிகரம். நெடுஞ்சாலையில் அங்கே சுமார் 325 கிலோமீட்டர். ஐந்து பேர், நான்கு நாள் பயணம் என்று கொள்வோம். முதல் நாள் போக, இரண்டாம் நாள் மலை, மூன்றாம் நாள் ராஸ், ஸ்மித் தீவுகள், நான்காம் நாள் திரும்ப. கார் ஓடுவது 650 கிலோமீட்டரும் அங்கே உள்ளூரில் 100 கிலோமீட்டரும், ஆக 750. ஆனால் "நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர்" என்று ஒப்பந்தமானால் 1,000 கிலோமீட்டருக்குப் பணம் தர வேண்டும். கிலோமீட்டருக்கு 15 ரூபாய், பேட்டா நாளுக்கு 400 என்றால் மொத்தம் 16,600 ரூபாய். இதில் 250 கிலோமீட்டர், அதாவது 3,750 ரூபாய், ஓடாத ஓட்டத்துக்கு!

மாறாக, விடியுமுன் புறப்படும் பேருந்தில் டிக்லிப்பூர் போய், அங்கே இரண்டு நாளுக்கு மட்டும் வண்டி பிடித்தால் நாளுக்கு 2,000 வீதம் 4,000 ரூபாய். மீதி 12,600 ரூபாயில் பேருந்துச் செலவு எளிதில் அடங்கும். முதியவரோ கைக்குழந்தையோ உடன் இருந்தால் கார்தான் நல்லது. அப்போதும் ஏழு பேர் அமரும் வண்டியை நிரப்பிக்கொண்டு போங்கள். தலைக்கு ஆகும் செலவு குறையும்.

மலிவில் மறைந்திருக்கும் ஆபத்து

"தெரிந்தவர் வண்டி, ஐந்நூறு குறைத்துத் தருகிறார்" என்று ஒருவர் சொன்னால் முதலில் எண் பலகையைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து டாக்ஸி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து, நாமே ஓட்டிச் செல்லும் வாடகை வண்டி. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து சொந்த உபயோக வண்டி. அதை வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது. மின்சார வண்டியானால் பச்சைப் பலகை; வாடகை வண்டிக்கு எழுத்து மஞ்சளாக இருக்கும்.

சொந்த வண்டிக்கான காப்பீடு, வாடகை ஓட்டத்தில் நேரும் விபத்தை ஏற்பதில்லை. எலும்பு முறிந்து மருத்துவமனையில் படுத்தபின் இழப்பீட்டுக்கு அலையும் நிலை வந்தால், மிச்சம் பிடித்த ஐந்நூறு எந்த மூலைக்கு?

மலைச் சாலையில் வண்டி

டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். மழை மிகுந்த நம் ஊரில் அதற்கும் மேலே இருப்பதே நலம். ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நீலகிரி மலை ரயிலில் 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரும் சரிவு உண்டு. அங்கே பல்சக்கரம் இருந்தும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். இறக்கத்துக்கு அவ்வளவு மரியாதை! எரிபொருளை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி உருட்டும் ஓட்டுநரை உடனே தடுத்துவிடுங்கள்.

ஜிர்காட்டாங்குக்கு அப்பால்

டிக்லிப்பூர் சாலை ஜாரவா மக்களின் காட்டைக் கடக்கிறது. குறித்த நேரத்தில் வண்டிகள் வரிசையாகவே போக முடியும். நிறுத்துவதும், படம் எடுப்பதும், உணவோ துணியோ கொடுப்பதும் சிறைக்கு உரிய குற்றம். "கொஞ்சம் கூடக் கொடுத்தால் மெதுவாக ஓட்டுகிறேன்" என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அது அவர்கள் வாழும் இடம், நாம் வழிப்போக்கர். இதை ஊரிலிருந்து வரும் உறவினருக்குப் புறப்படும் முன்பே சொல்லி வைப்பது நம் கடமை.

முன்பணம் தருமுன் கேட்க வேண்டியவை

1. குறைந்தபட்ச கிலோமீட்டர் எவ்வளவு? அதற்கு மேல் என்ன விலை?
2. கணக்கு தொடங்குவது நம் வீட்டிலிருந்தா, அவர்கள் கொட்டகையிலிருந்தா?
3. பேட்டா, இரவுத் தங்கல், படகுக் கட்டணம் யார் பொறுப்பு?
4. பெர்மிட், எஃப்.சி., காப்பீடு மூன்றும் நடப்பில் உள்ளனவா?
5. வழியில் வண்டி பழுதானால் மாற்று வண்டி உண்டா?
6. கப்பலோ வானிலையோ காரணமாகப் பயணம் நின்றால் முன்பணம் திரும்புமா?

பதில்களை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். புறப்படும்போதும் திரும்பும்போதும் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு தெளிவாக இருந்தால் ஓட்டுநரோடும் மனத்தாங்கல் வராது. பயணமும் இனிதாக அமையும்.