வெப்பம் செல்லலாம், மின்சாரம் செல்லலாகாது

பிச்சாட்டூர்

பேரனுக்கு,

பழுதான ஈ.எல். 84 வால்வு ஒன்றை உடைத்து, அதன் நடுவிலிருந்த நிக்கல் குழலுக்குள்ளிருந்து ஊசிமுனையால் இழுத்தெடுத்த கம்பியின்மேல் வெள்ளையாகப் படிந்திருந்த பொருள் சுண்ணாம்புதானே என்று கேட்டு எழுதியிருந்தாய். சுண்ணாம்பு அன்று, அப்பா. அது அலுமினா, மாணிக்கமும் நீலமும் எந்தப் பொருளின் படிகங்களோ, அதே அலுமினிய ஆக்சைடு, மென்மையான சூரணமாகப் பூசப்பட்டுச் சூளையில் இறுக்கப்பட்டிருக்கிறது. குழலின் வெளிப்புறத்தில் நீ பார்த்த வெண்மை இதனின்று முற்றிலும் வேறு. அது பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆகியவற்றின் பூச்சு, எலெக்ட்ரான்களை உமிழ்வதற்கென்றே அமைந்தது. உள்ளேயிருப்பதோ எதையும் உமிழாமலும் எதையும் கசியவிடாமலும் இருப்பதற்காக அமைந்தது. ஒரே குழலின் உள்ளும் புறமும் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு கடமைகள் நடைபெறுவதைக் கண்டுகொண்டால், வால்வின் சூட்சுமத்தில் பாதி உனக்கு விளங்கிவிடும்.

1904-ம் ஆண்டில் பிளெமிங் தம் முதல் வால்வைச் செய்தபோது இப்படியொரு பூச்சுக்கு அவசியமே இருக்கவில்லை. காய்ந்து ஒளிரும் கம்பியே எலெக்ட்ரான்களையும் வெளியிட்டது. அதைக் காய்ச்சப் பாட்டரியின் நேர்மின்சாரம் இருந்தது. வீட்டு விளக்குக்கு வரும் மாறுமின்சாரத்தை, விநாடிக்கு ஐம்பது சுற்றுகள் திசைமாறும் அந்த மின்சாரத்தை, அதே கம்பியில் செலுத்தியவுடன் பாட்டைக் காட்டிலும் உறுமலே பெரிதாகக் கேட்டது. காய்ச்சும் கம்பியை வேறாகவும் எலெக்ட்ரான்களை உமிழும் கேதோடை வேறாகவும் பிரித்து, இரண்டுக்குமிடையே மின்காப்பு ஒன்றை வைத்தபோதுதான் ரேடியோப் பெட்டி பாட்டரியின் தளையிலிருந்து விடுபட்டது. அமெரிக்காவில் 1927-ல் ஆர்.சி.ஏ. கம்பெனி வெளியிட்ட யூ.ஒய். 227 இவ்வகையில் பேர்பெற்றது. ஆயினும் அக்காலத்து வால்வுகளில் கம்பியைத் தாங்கியது இரட்டைத் துளையிட்ட பீங்கான் தண்டு ஆகையால், அந்தக் கனத்த தண்டு சூடேறி ஒலி பிறக்கும்வரை அரை நிமிடமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். தண்டை நீக்கிவிட்டுக் கம்பியின்மேலேயே மெல்லிய அலுமினாவைப் பூசக் கற்றுக்கொண்ட பின்பே காத்திருப்பு குறைந்தது. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-ந் தேதி ஒலிபரப்பைத் தொடங்கிய காலத்தில், மின்சாரம் எட்டிய ஊர்களில் இவ்வகைப் பெட்டிகளும், எட்டாத கிராமங்களில் பூச்சில்லாக் கம்பி கொண்ட பாட்டரிப் பெட்டிகளுமாக இரண்டு ஜாதிகள் இருந்தன.

இனி, இந்தப் பூச்சுக்கு நாம் சுமத்தியிருக்கும் பாரத்தைப் பார். வெப்பம் அதனூடே தாராளமாகச் செல்ல வேண்டும். மின்சாரம் அணுவளவும் செல்லலாகாது. கேதோடாகிய அந்த நிக்கல் குழல் ஏறத்தாழ 750 அல்லது 800 டிகிரி சென்டிகிரேடில் வேலை செய்கிறது. ஆனால் வெற்றிடத்தில் காற்றில்லை, கம்பியும் குழலை இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் தொடுகிறது. ஆகவே வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாகவே செல்ல வேண்டியிருப்பதால், குழலைக் காட்டிலும் கம்பி பல நூறு டிகிரி அதிகமாகக் கொதித்துக்கொண்டிருக்க நேருகிறது. அந்த உஷ்ணத்தில் ரப்பரும் மைக்காவும் எந்த மூலைக்கு? சாதாரணக் கண்ணாடிகூட உருகிவிடும். அதனோடு, ஈ.இஸட். 80 போன்ற ரெக்டிபயர் வால்வில் கேதோடு இருநூறு முந்நூறு வோல்ட்டில் நிற்க, கம்பியோ பூமி மட்டத்தில் நிற்கிறது. இவ்வளவு அழுத்தத்தையும் தடுத்து நிறுத்துவது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கே கனமுள்ள வெண்படலம் என்பதை நினைக்கும்போதெல்லாம், அதைச் செய்தவர்களிடம் எனக்கு மரியாதை மேலிடுகிறது.

நம் நாட்டில் இந்தக் கைத்தொழில் வேரூன்றியது பெங்களூரில். 1954-ல் நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-ல் ரேடியோ வால்வுகளை உற்பத்தி செய்யத் தொடங்கியது. ‘பெல்’ முத்திரையிட்ட வால்வுகள் பிறகு ஊர்தோறும் ரேடியோ கடைகளில் புழங்கின. பூச்சு போடும் முறை இத்தொழிலில் எங்கும் ஏறக்குறைய ஒன்றே. மிகப் பரிசுத்தமான அலுமினாவை அரைத்து, இழைக்கோலத்துக்குக் கரைத்த மாவின் பதத்தில் ஒரு திரவத்தில் கலக்கிக்கொள்வார்கள். வளைத்த டங்ஸ்டன் கம்பியின்மேல் அதைத் தெளிப்பதுண்டு. அல்லது கம்பியை அதில் அமிழ்த்தி, எதிர்மின் முனையோடு இணைத்து மின்சாரம் செலுத்தினால், நேர்மின் ஏற்ற துகள்கள் தாமே வந்து கம்பியின் வளைவு நெளிவெங்கும் சமமாகப் படியும். இரண்டாவது முறை அழகானது. எத்தனை விநாடி, எத்தனை வோல்ட் என்பதைக் கொண்டே கனத்தை நிர்ணயித்துவிடலாம். பிறகு 1,600 டிகிரிக்கு மேற்பட்ட சூளையில், காற்றுப் பட்டால் டங்ஸ்டன் எரிந்துபோகுமாதலால் ஹைட்ரஜன் நிறைந்த சூளையில், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும்வரை சுடுவார்கள். மாலிப்டினம் தண்டின்மேல் சுருளாகச் சுற்றிய கம்பியானால், சுட்டு முடித்தபின் அதை அமிலத்தில் இட்டு, டங்ஸ்டனை விட்டுவிட்டுத் தண்டை மட்டும் கரைத்தெடுப்பதும் உண்டு.

ஒட்ட வேண்டும் என்றேனே தவிர, முழுவதும் உருகி இறுக வேண்டும் என்று சொல்லவில்லை. சூட்டில் அலுமினா விரியும் அளவு, டங்ஸ்டன் விரியும் அளவைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேலிருக்கும். பூச்சு கண்ணாடிபோல் இறுகிவிட்டால், ஒவ்வொரு தடவை வால்வு ஆறும்போதும் அது கம்பியை இறுக்கப் பார்த்து இறுதியில் தானே விரிசல் விடும். போதாக்குறைக்கு, குளிர்ந்த டங்ஸ்டனின் தடை சூட்டிலிருப்பதில் ஆறேழில் ஒரு பங்குதான் ஆகையால், ஸ்விட்சைப் போட்ட கணத்தில் மின்சாரம் குபீரென்று பாய்ந்து கம்பியை உலுக்குகிறது. நுண்துளைகள் விட்டு, பெருந்துகளும் சிறுதுகளும் கலந்து சுட்ட பூச்சே இந்த உலுக்கலைத் தாங்கும். சிறிதளவு சோடியம் கலந்திருந்தாலும் போதும், அறைச்சூட்டில் உத்தமமான காப்பாகத் தோன்றும் அலுமினா கடுஞ்சூட்டில் மின்சாரத்தைக் கசியவிடும்.

வெள்ளை நிறத்திலும் ஒரு குறை உண்டு. அது வெப்பத்தைச் சுலபமாகக் கதிர்வீசுவதில்லை. 1960-களின் முற்பகுதியில் ஆர்.சி.ஏ. காரர்கள் பூச்சின் மேற்புறத்தைக் கறுப்பாக்கி, கம்பியின் உஷ்ணத்தை வெகுவாகக் குறைத்தும் கேதோடுக்கு வேண்டிய சூட்டைப் பெற்றார்கள். நிறமொன்றை மாற்றியதால் விளைந்த இந்தப் பிரயோஜனம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

நம் பக்கத்துக் காதங்கியிலுள்ள 53 மெகாஹெர்ட்ஸ் ராடாரில் பழைய வால்வு டிரான்ஸ்மிட்டர்களை அகற்றி, 1,024 திண்மநிலைக் கருவிகளைப் பொருத்திவிட்டார்களே, இந்த வித்தையை ஏன் படிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். செயற்கைக்கோள்கள் பலவற்றில் ஒலிபரப்பைப் பெருக்குவது இன்றும் ஒருவகை வெற்றிடக் குழாயே. பழுது பார்க்க ஆள் போக முடியாத இடத்தில் அது வருஷக்கணக்கில் எரிய வேண்டும். அத்தகைய குழாய்களில் கம்பியைச் சுற்றிலும் அலுமினாவை நிறைத்து ஒரே கட்டியாகச் சுட்டுவிடுவதுண்டு. அப்போது வெப்பம் கட்டியினூடே நேராகச் செல்லும். ராஜஸ்தானத்துப் பிலானியிலுள்ள மத்திய எலெக்ட்ரானிக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் இவ்வகைக் குழாய்களைப் பற்றிய ஆராய்ச்சி நடந்து வருகிறது.

இனி, உன் பாட்டியின் ரேடியோ உறுமும் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் உறுமலைக் கவனித்துக் கேள். விநாடிக்கு நூறு அதிர்வுள்ள உறுமலானால் பெரும்பாலும் பில்டர் கண்டென்சர் உலர்ந்துபோயிருக்கும். ஐம்பது அதிர்வுள்ள தாழ்ந்த உறுமலானால் வெண்பூச்சைச் சந்தேகிக்கலாம். பெட்டியின் மின்சாரத்தைத் துண்டித்து, கண்டென்சர்களில் தேங்கியிருப்பது இறங்கிய பிறகே வால்வைக் கழற்று. தனி டிரான்ஸ்பார்மரிலிருந்து ஈ.எல். 84-இன் நான்காம், ஐந்தாம் கால்களுக்கு 6.3 வோல்ட் கொடுத்துச் சில நிமிஷம் நன்றாகக் காயவிடு. பிறகு அந்த டிரான்ஸ்பார்மரின் வேறெந்த முனையும் பூமியைத் தொடாதபடி பார்த்துக்கொண்டு, கேதோடாகிய மூன்றாம் காலுக்கும் நான்காம் காலுக்கும் இடையே தடையை அள. அளக்கும் கருவி 100 வோல்ட்டுக்கு மேல் கொடுப்பதாக இருக்கலாகாது. அதுவே இந்த வால்வுக்கு விதித்த வரம்பு. குளிர்ந்த நிலையில் அளந்தால் கெட்ட வால்வும் நல்லதாகவே காட்டும். காய்ந்த நிலையில் பல மெகோம் காட்டினால் வால்வின்மேல் குற்றமில்லை. சில ஆயிரம் ஓமுக்கு இறங்கிவிட்டால், மற்றொரு வால்வைப் போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் தாத்தா