தவறு நடந்த பின் வரும் நிமிடங்கள்

மனவெழுச்சி நுண்ணறிவு என்றால் கோபப்படாமல் இருப்பது என்றே பலர் நினைக்கிறார்கள். அது முழுமையான விளக்கமல்ல. தன் உள்ளத்தில் எழும் கோபம், பயம், வெட்கம் முதலியவற்றை அறிந்துகொள்வது, அவற்றைக் கட்டுப்படுத்துவது, பிறரின் உணர்வைப் புரிந்து நடந்துகொள்வது ஆகிய ஆற்றல்கள் எல்லாம் அதில் அடங்கும். 1990 ஆம் ஆண்டில் பீட்டர் சலோவே, ஜோன் மேயர் என்னும் உளவியலாளர்கள் இதனை ஆய்வுக் கட்டுரையொன்றில் விளக்கினர். 1995 இல் டானியல் கோல்மன் எழுதிய நூல் இதனை உலகெங்கும் பரப்பியது.

ஓர் அணியிடம் இந்த ஆற்றல் இருக்கிறதா என்பது எப்போது தெரியவரும்? வெற்றியின்போது எல்லோரும் ஒற்றுமையாகத்தான் இருப்பார்கள். ஒருவர் தவறிய பின் வரும் சில நிமிடங்களே உண்மையான பரீட்சை என்பது எனது கருத்து. இதற்கு எமது மாத்தளை மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு.

2024 ஜூலை 28 ஆம் திகதி தம்புள்ளை ரங்கிரி மைதானத்தில் மகளிர் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி நடைபெற்றது. அதற்கு முன்னர் ஐந்து தடவைகள் இலங்கை இறுதிப் போட்டியில் தோற்றிருந்தது. 2022 இல் இந்தியாவுக்கு எதிராக 20 ஓவர்களில் 65 ஓட்டங்களே கிடைத்தன. இம்முறையும் எதிரணி இந்தியாதான். வெற்றி இலக்கு 166.

இரண்டாவது ஓவரிலேயே, ஓட்டமெடுப்பதில் ஏற்பட்ட குழப்பத்தால் விஷ்மி குணரத்ன ரன் அவுட் ஆனார். அப்போது மொத்தம் 7 ஓட்டங்கள். மறுமுனையில் நின்றவர் அணித்தலைவி சமரி அத்தபத்து. ரன் அவுட் இருவர் சம்பந்தப்பட்ட விடயம். ஒருவர் வெளியேறிவிடுவார், மற்றவர் அந்தச் சுமையோடு தொடர்ந்து ஆட வேண்டும். பதற்றத்தில் கண்டபடி அடித்தால் அடுத்த விக்கெட்டும் போய்விடும். சமரியோ ஹர்ஷிதா சமரவிக்ரமவுடன் சேர்ந்து 87 ஓட்டங்களை இணைப்பாட்டமாகப் பெற்றார். 61 ஓட்டங்களுடன் அவர் ஆட்டமிழந்த பின்னரும் அணி கலங்கவில்லை. ஹர்ஷிதா 69, கவிஷா டில்ஹாரி 30 என ஆட்டமிழக்காமல் நின்று, 18.4 ஓவர்களில் வெற்றியைப் பெற்றுத் தந்தனர். மகளிர் ஆசியக் கிண்ணம் முதன்முறையாக இலங்கைக்குக் கிடைத்தது.

தொழிலிடத்திலும் இதே நியதிதான். அமெரிக்க ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் 1990 களில் வைத்தியசாலைகளில் மருந்து வழங்குவதில் நிகழும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாகச் செயற்படும் குழுக்களில்தான் அதிக தவறுகள் பதிவாகியிருந்தன! அவர்கள் கூடுதலாகத் தவறு செய்தார்கள் என்பதல்ல காரணம். ஏச்சுக்குப் பயப்படாமல் தவறை வெளியே சொன்னார்கள். அதனால் திருத்த முடிந்தது. பயம் நிறைந்த இடத்தில் தவறு குறைவதில்லை, மறைக்கப்படுகிறது. ஒரு தாதி அதை மறைத்தால் பாதிக்கப்படுவது நோயாளியல்லவா?

இஸ்லாமிய வரலாறு இதை மிக அழகாகக் கற்றுத் தருகிறது. ஹிஜ்ரி 3 இல் நடந்த உஹத் போரில், மலைக்குன்றில் நிறுத்தப்பட்ட வில் வீரர்களில் பெரும்பாலானோர் நபி (ஸல்) அவர்களின் கட்டளைக்கு மாறாக இடத்தை விட்டு இறங்கினர். அதனால் போரின் போக்கே மாறியது. ஆலு இம்ரான் அத்தியாயம் அந்தத் தவறைச் சுட்டிக்காட்டுகிறது. அதே அத்தியாயத்தின் 159 ஆவது வசனம், அவர்களை மன்னித்து, அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடி, காரியங்களில் அவர்களோடு ஆலோசிக்குமாறும் நபியவர்களைப் பணிக்கிறது. தவறு மூடி மறைக்கப்படவில்லை, தவறியவர்கள் ஒதுக்கப்படவுமில்லை.

மாணவிகளே, வலைப்பந்தில் உங்கள் தோழி பந்தைத் தவறவிட்டால் முகத்தைச் சுளிக்காதீர்கள். அடுத்த பந்தையும் அவளிடம் நம்பிக் கொடுங்கள். தவறைப் பற்றி ஆட்டம் முடிந்த பின் தனியாகப் பேசுங்கள். தவறு உங்களுடையது என்றால் சாக்குச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை குறைந்த புள்ளியோடு வீட்டுக்கு வரும்போது “ஏன் இப்படி?” என்று தொடங்காமல், “இனி என்ன செய்யலாம்?” என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் உண்மையைச் சொல்லப் பயப்படாத பிள்ளை, நாளை வேலைத்தளத்திலும் உண்மையைச் சொல்லும்.