கான்கிரீட்: காய்ந்து இறுகுவதில்லை

புதிதாகக் கான்கிரீட் போட்ட கூரைத் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி வைப்பதை மாணவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். “கான்கிரீட் எப்படி இறுகுகிறது?” என்று வகுப்பில் கேட்டால், “வெயிலில் காய்ந்து” என்ற விடையே பெரும்பாலும் வரும். காய வேண்டிய பொருளுக்கு ஏன் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? இந்தக் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

இறுகுவது எப்படி?

சிமெண்ட், மணல், ஜல்லி, நீர் ஆகியவற்றின் கலவையே கான்கிரீட். சிமெண்டில் உள்ள கால்சியம் சிலிகேட்டுகள் நீருடன் வினைபுரிந்து புதிய சேர்மங்களாகின்றன. அவையே மணலையும் ஜல்லியையும் இறுகப் பிணைக்கின்றன. நீர் இங்கே ஒரு வினைபடுபொருள். அது விரைவில் ஆவியாகிவிட்டால் வினை பாதியில் நின்று, கட்டடம் வலுவிழக்கும். அதனால்தான் குறைந்தது 7 நாட்களாவது ஈரம் காக்கிறார்கள்.

வரலாற்றில் நீரின் பங்கு

சாதாரணச் சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று இறுகும். நீருக்கடியில் அது இறுகாது. ரோமானியர்கள் நேப்பிள்ஸ் அருகே கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்தனர். அந்தக் கலவை கடலுக்குள்ளும் இறுகியதால் துறைமுகங்கள் கட்ட முடிந்தது. ரோம் நகரின் பாந்தியன் கோவில் கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுமார் 43 மீட்டர் விட்டமுள்ள அதன் கான்கிரீட் குவிமாடம், உள்ளே இரும்புக் கம்பி எதுவுமின்றி இன்றும் நிற்கிறது. எடையைக் குறைக்க, குவிமாடத்தின் மேற்பகுதியில் இலேசான நுரைக்கல்லைச் சேர்த்தனர்.

1750களில் இங்கிலாந்தின் எடிஸ்டோன் பாறையில் கலங்கரை விளக்கம் கட்டிய ஜான் ஸ்மீட்டன், களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் நீரிலும் இறுகும் சுண்ணாம்பு கிடைப்பதைக் கண்டறிந்தார். 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் ‘போர்ட்லண்ட் சிமெண்ட்’டுக்குக் காப்புரிமை பெற்றார். இறுகிய பின் அது போர்ட்லண்ட் பகுதியின் கட்டடக்கல்லை ஒத்திருந்ததே பெயருக்குக் காரணம். இந்தியாவில் 1904இல் சென்னையில் சிமெண்ட் தயாரிப்பு தொடங்கியது.

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும். இழுவிசையில் எளிதில் விரிசல் விடும். பிரான்ஸ் நாட்டுத் தோட்டக்காரர் ஜோசப் மோனியர், இரும்பு வலை வைத்த செடித்தொட்டிகளுக்கு 1867இல் காப்புரிமை பெற்றார். வெப்பத்தால் இரும்பும் கான்கிரீட்டும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிவடைவதால் இந்த இணை நிலைத்தது. எனினும் விரிசல் வழியே ஈரம் புகுந்தால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும்.

வகுப்பறைச் செயல்பாடு

களிமண் உருண்டை ஒன்றையும் சிமெண்ட் உருண்டை ஒன்றையும் செய்க. களிமண் உருண்டையை வெயிலில் நன்கு காயவிடுக. சிமெண்ட் உருண்டையை ஒரு நாள் ஈரத்துணியால் மூடி வைக்க. பின்னர் இரண்டையும் தனித்தனிக் குவளை நீரில் இட்டு, மறுநாள் உற்றுநோக்கச் செய்க. களிமண் கரைந்திருக்கும், சிமெண்ட் உருண்டை அப்படியே இருக்கும்.

ஈரச் சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும். அதன் தூள் கண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு. எனவே சிமெண்ட் உருண்டையைக் கையுறையும் முகக்கவசமும் அணிந்து ஆசிரியரே செய்ய வேண்டும்.

தொடக்க வகுப்புகளில் உற்றுநோக்கியதைப் படமாக வரையச் சொல்லலாம். உயர்நிலை வகுப்புகளில், எது இயற்பியல் மாற்றம், எது வேதியியல் மாற்றம் எனக் காரணத்துடன் எழுதச் சொல்லலாம். நிறைவாக முதல் கேள்வியை மீண்டும் கேளுங்கள்: தளத்தில் ஏன் தண்ணீர் நிறுத்துகிறார்கள்? “வினை முடிய நீர் வேண்டும்” என்ற விடை வந்தால் பாடம் சென்று சேர்ந்துவிட்டது.