ஊருக்கு அனுப்பும் பணம்: நம்புவதும் நடப்பதும்

வெளிநாடுகளில் உழைக்கிறவர்கள் 2024-ல் இந்தியாவுக்கு அனுப்பிய பணம் சுமார் 12,900 கோடி டாலர் என்கிறது உலக வங்கியின் மதிப்பீடு. வேறெந்த நாட்டுக்கும் இவ்வளவு வருவதில்லை. ரிசர்வ் வங்கியின் 2023-24 கணக்கெடுப்பில் மகாராஷ்டிரம், கேரளம் இரண்டுக்கும் அடுத்தபடியாகத் தமிழ்நாடு இருக்கிறது. மொத்தத்தில் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் நம் பங்கு. இந்தப் பணத்தில் மகளின் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது, நகைக்கடன் வட்டி இருக்கிறது, பாதியில் நிற்கும் மாடி இருக்கிறது. ஆனால் அது எந்த வழியாகப் போகிறது, வழியில் எங்கே கரைகிறது என்பதை அனுப்புகிறவருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. கேம்ப்பில் பக்கத்துக் கட்டில்காரர் சொன்னதையும், ஊரிலிருந்து மச்சான் வாட்ஸ்அப்பில் அனுப்பியதையும் வைத்துத்தான் பலரும் முடிவெடுக்கிறார்கள். அப்படிப் பரவியிருக்கும் நம்பிக்கைகளில் சில வெறும் காசைத் தின்கின்றன. சில, ஆளையே சிக்கலில் மாட்டிவிடுகின்றன.

“கமிஷன் இல்லை என்றால் செலவும் இல்லை”

எல்லாவற்றிலும் பரவலான நம்பிக்கை இதுதான். பணம் அனுப்பும் நிறுவனத்துக்கு இரண்டு வழியில் வருமானம் வருகிறது. ஒன்று, ரசீதில் அச்சடிக்கும் கமிஷன். மற்றொன்று, சந்தையில் வெளிநாட்டுக் காசு என்ன விலைக்குப் போகிறதோ அதைவிடக் குறைத்து நமக்குத் தரும் ரேட். இரண்டாவது எந்த ரசீதிலும் தனியாக வராது.

ஒரு சிங்கப்பூர் டாலர் சந்தையில் 68 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடை 5 டாலர் கமிஷன் வாங்கிக்கொண்டு 67.90 ரூபாய் ரேட் தருகிறது. பக்கத்துக் கடை ‘கமிஷன் இல்லை’ என்று பெரிதாக எழுதிவைத்து 67.20 தருகிறது. உங்கள் கையில் ஆயிரம் டாலர். முதல் கடையில் கொடுத்தால் வீட்டுக்கு 67,560 ரூபாய் போகும், இரண்டாவதில் 67,200. கமிஷன் வாங்காத கடைதான் 360 ரூபாய் அதிகம் எடுத்துக்கொள்கிறது. மாதாமாதம் அனுப்புகிறவருக்கு வருடத்தில் இது நாலாயிரத்தைத் தாண்டும்.

ஆகவே கவுன்ட்டரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “நான் இவ்வளவு தருகிறேன், ஊரில் கணக்கில் எவ்வளவு விழும்?” ரேட்டையும் கமிஷனையும் தனித்தனியாகக் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

துபாய், அபுதாபியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. திர்ஹாமின் மதிப்பு 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. அன்றைய டாலர் விலையை 3.6725-ஆல் வகுத்தால் திர்ஹாமின் உண்மையான விலை கிடைத்துவிடும். டாலர் 88.14 ரூபாய் என்றால் திர்ஹாம் 24 ரூபாய். கடைக்காரர் 23.70 சொன்னால், திர்ஹாமுக்கு 30 பைசா அவர் கைக்குப் போகிறது என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும். சவூதி ரியாலுக்கு இதே கணக்கு, 3.75-ஆல் வகுக்க வேண்டும்.

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதால் அன்றைக்கே சிராங்கூன் சாலைக்குப் போய் அனுப்புகிறவர்கள் ஏராளம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்நியச் செலாவணிச் சந்தை மூடியிருக்கும். திங்களன்று விலை எப்படித் திறக்குமோ என்ற பயத்துக்கும் சேர்த்துப் பல நிறுவனங்கள் ரேட்டைச் சற்றுக் குறைத்தே வைக்கும். செயலி வழியாக வாரநாளில் அனுப்ப முடிந்தால் அப்படியே செய்யுங்கள்.

“வங்கிதான் மலிவு”

வங்கி பாதுகாப்பானது, அதில் சந்தேகமில்லை. மலிவா என்றால், இல்லை. உலக வங்கி பல ஆண்டுகளாக நாடு நாடாகக் கட்டணங்களைத் திரட்டி வெளியிடுகிறது. அதில் வங்கிகளே தொடர்ந்து அதிகச் செலவு பிடிக்கும் வழியாக இருக்கின்றன. காரணம், பணம் போகும் முறை. ஸ்விஃப்ட் என்று நாம் சொல்வது 1973-ல் பெல்ஜியத்தில் தொடங்கிய செய்தி அனுப்பும் அமைப்பு. அது பணத்தைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. ‘இன்னார் கணக்கில் இவ்வளவு வரவு வையுங்கள்’ என்ற கட்டளையை மட்டும் கடத்துகிறது. அனுப்பும் வங்கிக்கும் பெறும் வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லையென்றால் நடுவே மூன்றாவது வங்கி ஒன்று வரும். அதுவும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆயிரம் டாலர் அனுப்பி, 980 டாலருக்கான தொகை வந்துசேரும்போது, எடுத்தது யார் என்று இரண்டு முனையிலும் பதில் கிடைக்காமல் போவது இதனால்தான். விண்ணப்பத்தில் ‘செலவு முழுவதும் அனுப்புகிறவருடையது’ என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் இந்தக் குறைவு வராது.

சிறு தொகைகளுக்கு இப்போது வேறு வழி வந்திருக்கிறது. 2023 பிப்ரவரி 21 அன்று இந்தியாவின் யுபிஐ-யும் சிங்கப்பூரில் அதைப் போன்ற பேநவ்-வும் இணைக்கப்பட்டன. தொடக்கத்திலேயே சேர்ந்த இந்திய வங்கிகளில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் உண்டு. ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரை அனுப்பலாம் என்று வரம்பு வைத்தார்கள். அம்மாவின் மருந்துச் செலவுக்கு இது போதும். கவுன்ட்டர் வரிசையில் நிற்கத் தேவையில்லை.

“18 சதவீதம் ஜிஎஸ்டி பிடிக்கிறார்கள்”

அனுப்பிய தொகைக்கு வரியே கிடையாது. வெளிநாட்டுக் காசை இந்திய வங்கி ரூபாயாக மாற்றினால், அந்த மாற்றும் சேவைக்கு மட்டும் வரி. ஒரு லட்சம் ரூபாய் வரை, தொகையில் ஒரு சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக வைத்து, அதற்கு 18 சதவீதம். ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். எவ்வளவு சிறிய தொகையானாலும் குறைந்தது 45 ரூபாய். பாஸ்புக்கில் 45 ரூபாய் கழிந்திருப்பதைப் பார்த்துப் பயந்து யாரும் வங்கிக்கு வெளியே பணம் கடத்தும் உண்டியல்காரரைத் தேடிப் போக வேண்டாம்.

அமெரிக்காவில் இருப்பவர்களிடமும் இதே போன்ற பயம் பரவியிருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் அங்கே நடைமுறைக்கு வந்த ஒரு சதவீத வரி, ரொக்கமாகவோ மணியார்டர் போன்ற வழிகளிலோ பணம் கொடுத்து அனுப்புகிறவர்களுக்கு. அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ அங்கே வாங்கிய டெபிட், கிரெடிட் கார்டிலிருந்தோ அனுப்பினால் அந்த வரி இல்லை.

“ரேட் ஏறட்டும், பொறுத்து அனுப்பலாம்”

திர்ஹாம் 24 ரூபாயில் இருக்கும்போது 20 பைசா ஏறக் காத்திருப்பவர், ஒரு சதவீதம்கூட இல்லாத லாபத்துக்காகக் காத்திருக்கிறார். அதே நேரம் ஊரில் நூற்றுக்கு இரண்டு, மூன்று வட்டிக்கு வாங்கிய கடன் ஓடிக்கொண்டிருந்தால், ஒரு மாதத் தாமதம் அந்த லாபத்தைப்போல இரண்டு மூன்று மடங்கைக் கொண்டுபோய்விடும். கடன் உள்ளவர் சம்பளம் வந்ததும் அனுப்பிவிடுவதே நல்லது. ரேட் பார்த்துக் காத்திருப்பது கடன் இல்லாதவருக்கு மட்டும் பொருந்தும்.

“பழைய சேமிப்புக் கணக்கே போதும்”

இது வெறும் பண நட்டமல்ல, சட்டத்தை மீறுவது. வேலைக்காக வெளிநாடு போனவர், இங்கே இருந்தபோது வைத்திருந்த சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே தொடர அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் இடம் தரவில்லை. வங்கிக்குச் சொல்லி அதை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். பத்து வருடம் வளைகுடாவில் இருந்தும் இதைச் செய்யாதவர்கள் நிறையப் பேர். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம்.

என்ஆர்ஓ கணக்கு இந்தியாவில் வரும் வருமானத்துக்கு: வீட்டு வாடகை, நிலத்துக் குத்தகை, பழைய டெபாசிட். இதன் வட்டிக்கு 30 சதவீதமும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் வரியாகப் பிடிப்பார்கள். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உள்ள நாட்டிலிருந்து குடியிருப்புச் சான்றிதழ் வாங்கித் தந்தால் இது குறையும், அமீரகத்துக்கு 12.5 சதவீதம், சிங்கப்பூருக்கு 15. இந்தியாவில் உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால், கணக்குத் தாக்கல் செய்து பிடித்ததைத் திரும்பப் பெறலாம். பலர் இந்தப் பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

வெளிநாட்டில் சம்பாதித்ததை அனுப்ப என்ஆர்இ கணக்கு. இதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ‘போட்டால் திரும்ப எடுத்துப்போக முடியாது’ என்று சொல்வது தவறு. அசலும் வட்டியும் எப்போது வேண்டுமானாலும் வெளிநாட்டுக்குத் திரும்பலாம். என்ஆர்ஓ-விலிருந்துதான் ஒரு நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்ற வரம்பும் வரிச் சான்றுகளும். ‘வீட்டில் யாரும் எடுக்க முடியாது’ என்பதும் தவறு. மனைவிக்கோ அப்பாவுக்கோ வங்கியில் அதிகாரம் எழுதிக் கொடுத்தால் உள்ளூர்ச் செலவுக்கு அவர்கள் அதே கணக்கிலிருந்து எடுக்கலாம்.

ஒரே சம்பளப் பணம், ஒரே வங்கி, ஒரே கிளை. என்ஆர்இ டெபாசிட்டாக வைத்தால் முழு வட்டியும் உங்களுடையது. என்ஆர்ஓ-வில் வைத்தால் வட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாக வரிக்குப் போகிறது. ஒரு படிவம் செய்யும் வித்தியாசம் இது.

“யாருக்கு அனுப்பினாலும் வரி வராது”

அப்பா, அம்மா, மனைவி, மக்கள், உடன்பிறந்தவர்களுக்கு அனுப்பினால் எவ்வளவு தொகையானாலும் வாங்குகிறவருக்கு வரி இல்லை. இதுவரை சரி. ஆனால் வருமான வரிச் சட்டத்தில் ‘உறவினர்’ பட்டியல் நம் குடும்பங்களைப் போல அகலமானதல்ல. மாமா தன் மருமகனுக்குக் கொடுத்தால் வரி இல்லை. பெற்றோரின் உடன்பிறந்தவர் பட்டியலில் இருக்கிறார். அதே மருமகன் சிங்கப்பூர் போய்ச் சம்பாதித்து, தன்னைப் படிக்கவைத்த தாய்மாமனுக்கு ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக அனுப்பினால், முழுத் தொகையும் மாமாவின் வருமானமாகிவிடும். உடன்பிறந்தவரின் பிள்ளை பட்டியலில் இல்லை. சித்தப்பா மகனுக்கும் நண்பருக்கும் இதே நிலைதான். நன்றிக்கடனைத் திருப்பித் தரும் பிள்ளைகளை இந்தச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை. மாற்ற வேண்டிய விதி என்றே நினைக்கிறேன். மாறும்வரை, மாமாவுக்குக் கொடுப்பதை அம்மா கணக்கு வழியாக அம்மாவே தன் சகோதரருக்குக் கொடுக்கலாமா என்று ஒரு ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மனைவிக்கு அனுப்பியதை அவர் தன் பெயரில் டெபாசிட் போட்டால், அதன் வட்டி கணவரின் வருமானத்தோடுதான் சேரும். இதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

“உண்டியலில் போட்டால் சீக்கிரம் போகும், ரேட்டும் கூடும்”

உண்டியல் நம்மிடம் நேற்று வந்ததல்ல. ரங்கூன், பினாங்கு வரை தொழில் செய்த நகரத்தாரில் ஒருவர் எழுதிய உண்டியல் தாளை மற்றவர்கள் மதித்துப் பணம் கொடுத்தார்கள். அந்த வணிக மரபிலிருந்து வந்த மு.சிதம்பரம் செட்டியார்தான் 1937-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். அந்நாள் உண்டியலில் பெயரும் தாளும் பொறுப்பும் இருந்தன. இன்றைய உண்டியலில் ஒரு போன் எண் மட்டும் இருக்கிறது.

ரேட் கூடக் கிடைப்பது உண்மைதான். இலங்கையில் 2021-ன் பிற்பகுதியில் டாலருக்குச் சுமார் 200 ரூபாய் என்று அரசு இறுக்கிப் பிடித்தபோது வெளியில் அதைவிட அதிகம் கிடைத்தது. மக்கள் உண்டியலுக்குப் போனார்கள். வங்கி வழி வந்த தொகை 2020-ல் இருந்த 710 கோடி டாலரிலிருந்து 2022-ல் சுமார் 380 கோடிக்கு இறங்கியது. எரிபொருளும் மருந்தும் வாங்க நாட்டில் டாலர் இல்லாமல் போன காலம் அது. ரேட்டைத் திறந்துவிட்ட பிறகு 2023-ல் 600 கோடிக்கு அருகில் திரும்பி வந்தது. அங்கே மக்களை உண்டியலுக்குத் தள்ளியதில் அரசின் பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு.

இந்தியாவில் அப்படியொரு இடைவெளி இல்லை. சில பைசாக்களுக்காக உண்டியலில் போடுகிறவர் ஏற்கும் ஆபத்து பெரிது. சிக்கினால், சம்பந்தப்பட்ட தொகையைப்போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அம்மா கணக்கில் யாரோ முன்பின் தெரியாதவர் போடும் ரூபாய், இணைய மோசடியில் இன்னொருவரிடம் பறித்ததாக இருக்கலாம்; போலீஸ் புகார் வந்ததும் முடங்குவது அம்மாவின் கணக்கு. அந்தப் பணத்தில் வீடு வாங்கினால், பின்னாளில் விற்று எடுத்துப்போக நினைக்கும்போது முறையாக வந்த பணம் என்று காட்ட ஒரு தாள்கூட இருக்காது.

“பெயர் தப்பானால் பணம் திரும்பிவிடும்”

நம்பாதீர்கள். இந்தியாவுக்குள் பணம் வரவு வைக்கப்படுவது கணக்கு எண்ணைப் பார்த்து. ஒரு இலக்கம் மாறி அந்த எண்ணில் வேறொருவர் இருந்தால், பணம் அவருக்குப் போய்விடும். திரும்பப் பெற அவருடைய சம்மதமும் நெடுநாள் அலைச்சலும் வேண்டும். 11 எழுத்து ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் ஐந்தாவது எழுத்து பூஜ்யம். அதை ஆங்கில ‘ஓ’ என்று அடித்துவிடுகிறவர்கள் உண்டு. புதியவர் கணக்குக்கு முதலில் சிறு தொகை அனுப்பி, வந்துவிட்டதா என்று போனில் கேட்ட பிறகு மீதியை அனுப்புங்கள்.

இதுவரை பழைய சேமிப்புக் கணக்கிலேயே அனுப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் ஊருக்கு வரும்போது பாஸ்போர்ட், விசா நகல்களோடு ஒரு காலை உங்கள் வங்கிக் கிளைக்குப் போங்கள். பழைய கணக்கை என்ஆர்ஓ-வாக மாற்றச் சொல்லி, என்ஆர்இ ஒன்றைத் திறந்து, வீட்டில் ஒருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.