சறுக்குப் பலகைக்கு ஏற்ற சக்கரம் எது?



சென்ற பள்ளி விடுமுறையில் நம் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், சிங்கப்பூரில் பணிபுரியும் தாய்மாமன் வாங்கித் தந்த சறுக்குப் பலகையில் ஏறி, தோட்ட அலுவலகத்திலிருந்து ஆலைப்பக்கம் இறங்கும் தார்ச்சாலையில் உருண்டு சென்றான். சுண்டைக்காய் அளவேயான சரளைக்கல் ஒன்று முன்சக்கரத்தை மறித்தது. பலகை நின்றது, பையன் நிற்கவில்லை. வலக்கை மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டுடன் இருந்தான். பலகையை அடுப்பில் வைக்கப்போவதாக அவன் தந்தையார் என்னிடம் கூறினார். “எரிப்பதற்கு முன் ஒரு வாரம் என்னிடம் கொடுங்கள், ஐயா” என்று கேட்டு வாங்கி வந்தேன்.

பலகையைக் கவிழ்த்துப் பார்த்தபோது, சக்கரங்களின் மீது ‘52 மி.மீ., 101ஏ’ என்று அச்சிட்டிருந்தது. விபத்தின் காரணம் அங்கேயே எழுதப்பட்டிருந்தது எனலாம். முதல் எண் சக்கரத்தின் விட்டம். இரண்டாவது அதன் கடினம்.

முதலில் விட்டத்தைக் காண்போம். சக்கரம் ஒரு கல்லின் மீது ஏற வேண்டுமானால், அக்கல் சக்கரத்தின் ஆரத்தை நோக்கச் சிறியதாக இருத்தல் வேண்டும். ஆரம் பெரிதாகப் பெரிதாக, அதே கல்லில் ஏறுவது எளிதாகும். மாட்டு வண்டிச் சக்கரம் பள்ளம் மேடுகளை எளிதிற் கடந்ததும் இதனாலேயே. 52 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 163 மி.மீ.; 100 மீட்டர் செல்ல அது 612 முறை சுழலும். 65 மி.மீ. சக்கரமோ 490 முறை சுழன்றால் போதும். (இக்கணக்கை நீங்களே 22/7 கொண்டு செய்து பாருங்கள்.) ஆயினும் சிறிய சக்கரம் குறையுடையது என்று எண்ணிவிடாதீர்கள். எடை குறைந்திருப்பதால் அது விரைவில் வேகம் எடுக்கும்; பலகையும் தரைக்கு அருகில் இருக்கும். பலகையோடு குதித்து வித்தை காட்டுவோர் 50 முதல் 54 மி.மீ. வரையுள்ள சக்கரங்களை விரும்புவது இதற்காகவே. அவர்கள் ஓட்டுவது மெருகிட்ட சிமெண்டுத் தரையில். நம் பையன் ஓட்டியதோ செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் உடைத்துப் போட்ட சாலையில்!

இனி, கடினம். டூரோமீட்டர் என்னும் கருவியின் முனையைப் பொருளின் மீது அழுத்துவர். முனை முழுதும் புதைந்தால் 0. சிறிதும் புதையாவிடில் 100. இவ்வளவையின் உச்சமே நூறாக இருக்க, 101 என்று அச்சிடுவது எவ்வாறு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். நூற்றுக்கு நூற்றொரு மதிப்பெண் வழங்கும் ஆசிரியரை நான் கண்டதில்லை! மிகவும் கடினமானது என்று காட்டும் வணிக வழக்கமாகவே அதைக் கொள்ள வேண்டும். சில நிறுவனங்கள் ‘பி’ என்னும் வேறோர் அளவையில் 83, 84 என்று குறிப்பதுண்டு. அதைக் கண்டு மென்மையானது என ஏமாறலாகாது. அது 101ஏ-யினும் கடினமானது.

கடினமான சக்கரம் வழவழப்பான தரையில் உருக்குலையாமல் ஓடும். வேண்டும்போது பக்கவாட்டில் வழுக்கியும் கொடுக்கும். கரடான சாலையிலோ, ஒவ்வொரு சிறு கல்லும் பலகையையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. முன்னே செல்ல வேண்டிய ஆற்றல் உடலைக் குலுக்குவதில் வீணாகிறது. 78ஏ முதல் 87ஏ வரையுள்ள மென்மையான சக்கரம் கல்லைத் தன்னுள் சற்றே வாங்கிக்கொண்டு கடந்துவிடும். அதே மென்சக்கரம் மெருகிட்ட தரையில் அமுங்கி அமுங்கிச் சுழல்வதால் சிறிது வேகத்தை இழக்கும். ஆகவே, ‘சிறந்த சக்கரம் எது?’ என்று கடைக்காரரிடம் வினவுவதை விட, ‘எந்தத் தரைக்கு?’ என்று நம்மை நாமே முதலில் வினவிக்கொள்வது நன்று.

இதனை விளக்கியபோது, பையனின் பாட்டனார் சக்கரத்தை நகத்தால் அழுத்திப் பார்த்து, “இது நம்ம பால்மரத்து ரப்பரா?” என்று கேட்டார். முப்பது ஆண்டுகள் மரம் சீவியவரல்லவா! அன்று, இது பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருள். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் என்னும் வேதியியலாரும் அவர்தம் குழுவினரும் கண்டுபிடித்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1960-களில் ஓடிய சறுக்குப் பலகைகளுக்குக் களிமண் கலவைச் சக்கரங்களே இருந்தன. அவை தரையைப் பற்றா. சிறு கல் பட்டாலும் நின்றுவிடும். நம் மாணவனுக்கு நேர்ந்தது அன்று அங்குப் பலருக்கும் நேர்ந்தது. 1970-களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்தி என்பவர், உருள் காலணிகளுக்கென வார்க்கப்பட்ட பாலியூரித்தேன் சக்கரங்களைத் தம் பலகையில் பொருத்திப் பார்த்தார். அதன் பின்னரே இவ்விளையாட்டு மீண்டும் தழைத்தது. 2021-இல் தோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியிலும் அது இடம்பெற்றது.

பழைய சக்கரங்களைக் கழற்றி, 65 மி.மீ., 78ஏ சக்கரங்களைப் பூட்டினோம். பேரிங்குகளை மாற்ற வேண்டியிருக்கவில்லை. சறுக்குப் பலகைகளுக்குப் பெரும்பாலும் 22 மி.மீ. வெளிவிட்டமுள்ள ஒரே அளவே பயன்படுகிறது. சக்கரத்துக்கு இரண்டாக எட்டு. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: பெரிய சக்கரம் வளைவில் பலகையின் அடியில் உரசி, சடுதியில் நின்றுவிடக்கூடும். ஆதலால் அச்சுத் தாங்கிக்கும் பலகைக்கும் இடையே ‘ரைசர்’ எனப்படும் தட்டு வைத்து, பலகையை அழுத்திச் சாய்த்து, உரசவில்லை என்று உறுதி செய்துகொண்டோம்.

பிறகு பூப்பந்துத் திடலின் ஓரச் சரிவில் சரளைக் கற்களைத் தூவி, பத்துக் கிலோ அரிசி மூட்டையைப் பலகையில் கட்டி உருட்டிவிட்டோம். பழைய சக்கரங்களோடு ஐந்து முறை உருட்டியதில் மூன்று முறை மூட்டை கவிழ்ந்தது. புதிய சக்கரங்களோடு ஒரு முறையும் கவிழவில்லை. மாவுக்கட்டுடன் நின்ற பையன் இடக்கையால் கணக்குக் குறித்துக்கொண்டான்.

தந்தையார் வாய் பேசாது பார்த்துக்கொண்டிருந்தார். பலகை இப்போது அவர் கட்டிலின் அடியில் உள்ளது. தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் வாங்கிய பிறகே அதை வெளியே எடுப்பதென்று அவர் கூறியிருக்கிறார்.