படம் பார்த்துப் பேசுவோம்
(வளரிளம் பிள்ளைகளும் பால் அடையாளமும்)



வயசுக்கு வந்த பெண்ணிடம் மாதவிடாய் பற்றிப் பேச நாம் இப்போது அவ்வளவாகத் தயங்குவதில்லை. ஆனால், "எங்க பையன் நடையும் பேச்சும் பொம்பளப் பிள்ளை மாதிரி இருக்கு" என்று ஒரு தாய் சொன்னால் கூட்டமே அமைதியாகிவிடுகிறது. பேசாமல் விட்டால் யாருக்கு நஷ்டம்? அந்தப் பிள்ளைக்குத்தான். பள்ளியில் கேலி, வீட்டில் அடி. படிப்பையும் வீட்டையும் விட்டுப் போன பிள்ளைகள் உண்டு. உயிரை விட்டவர்களும் உண்டு. அதனால் இந்த மாதம் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

சொற்களைத் தெரிந்துகொள்வோம்

ஆண் என்று வளர்க்கப்பட்டும் மனதால் தன்னைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. பெண் என்று வளர்க்கப்பட்டும் தன்னை ஆணாக உணர்பவர் திருநம்பி. ஆணுக்கு ஆண் மேலும், பெண்ணுக்குப் பெண் மேலும் வரும் ஈர்ப்பு தன்பாலீர்ப்பு. இவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பால்புதுமையர் என்கிறோம். கேலிப் பெயர்களை விட்டு இந்தச் சொற்களையே பயன்படுத்துவோம்.

இது நோயா?

இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-ல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2019-ல் ஏற்கப்பட்ட புதிய பட்டியலில், திருநர்களாக இருப்பதையும் மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. 2018-ல் நமது உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவர் மனமொத்து வாழும் தன்பாலுறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது.

மந்திரித்தாலும் அடித்தாலும் இது மாறாது. "ஒரு கல்யாணம் பண்ணி வச்சா சரியாப் போயிடும்" என்பார்கள். அப்படிச் செய்தால் கட்டிக்கொடுத்த பிள்ளையின் வாழ்வும் சேர்ந்து வீணாகும். அந்தப் பிள்ளையும் நம்மைப் போன்ற ஒரு தாய் பெற்றதுதானே?

படப்புத்தகம் எதற்கு?

"நீ எப்படி?" என்று நேராகக் கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். கதையில் வரும் பிள்ளையைப் பற்றி என்றால் தயங்காமல் பேசும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் படத்தைப் பார்த்துப் பேச்சில் கலந்துகொள்ளலாம்.

சென்னை தூலிகா பதிப்பகம் வெளியிட்ட 'குட்லி ஹேஸ் விங்ஸ்' அப்படி ஒரு புத்தகம். எழுதிப் படம் வரைந்தவர் கனக் சசி. வீட்டார் பையன் என்று நினைக்கும் குட்லி, தான் பெண் என்கிறாள். கவுன் போட ஆசைப்படுகிறாள். சின்னப் பிள்ளைகளுக்கான கதைதான். ஆனாலும் பெரிய பிள்ளைகளிடம் பேச்சைத் தொடங்க நன்றாக உதவும்.

எப்படிச் செய்வது?

1. முதலில் நாம் பார்ப்போம். பிறகு பிள்ளையிடம் கொடுத்து, "இதில் என்ன எழுதியிருக்கு, சொல்லு கேட்போம்" என்போம்.
2. பாதியில் நிறுத்தி, "இந்தப் பிள்ளை ஏன் அழுகிறது? அதன் அம்மா என்ன செய்யலாம்?" என்று கேட்போம்.
3. கூடப் படிக்கும் பிள்ளையை யாராவது கேலி செய்தால் என்ன செய்வது என்று பேசுவோம்.
4. புத்தகம் கிடைக்காவிட்டால், ஒரு கதையைச் சொல்லிப் பிள்ளைகளையே படம் வரையச் சொல்வோம்.
5. பிள்ளை தன்னைப் பற்றி ஏதாவது சொன்னால், திட்டாமல் முழுதாகக் கேட்போம். "நீ எப்படி இருந்தாலும் எங்க பிள்ளைதான்" என்ற ஒரு சொல் போதும்.

பிள்ளை சொன்னதை அதன் சம்மதமில்லாமல் அடுத்த வீட்டிலோ குழுவிலோ சொல்லக் கூடாது. ஓர் உறுப்பினரின் கடன் விவரத்தையே நாம் வெளியே பேசுவதில்லை. இது அதைவிடப் பெரியது.

பிள்ளைக்கு அடி, மிரட்டல் என்று ஆபத்து வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம்.

குழுக் கூட்டத்தில் பேச

• நம் ஊரில் திருநங்கைகளை எப்படி அழைக்கிறோம்? இனி எப்படி அழைப்போம்?
• இப்படி ஒரு பிள்ளையால் படிப்பைத் தொடர முடியாமல் போனால், குழுவாக நாம் என்ன செய்யலாம்?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பிள்ளைகளின் பெயர் மட்டும் வேண்டாம்.